வலதுபக்கச் சரிவில் ஆரஞ்சுக் கூடாரம்

உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டர் படத்தில் கடல் இடதுபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, மேடம். ஒரு டிகிரி, மிஞ்சிப்போனால் ஒன்றரை. இந்த அறைக்கு வந்துபோகிறவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கோ உள்ளே வந்து உட்கார்ந்ததுமே பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சரி, நீங்கள் கேட்டது அதை இல்லை. என் மச்சான் மலையில் காணாமல் போன அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவரை அவசரப்படுத்த வேண்டாம். எனக்கு நேரம் இருக்கிறது, நல்ல மனநிலையில்தான் இருக்கிறேன்.

நான் இயற்கைக் காட்சிப் படங்களுக்கு மெருகேற்றுகிறவன். மச்சான் எடுப்பார், நான் கணினியில் முடித்துக் கொடுப்பேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். வருஷத்தில் பாதி நாள் மலையில் இருப்பார், மீதி நாள் மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கீழே எங்கள் படக்கடை, அதற்குள்ளே என் அறை. நீங்கள் சோதனை போட வந்தபோது உங்கள் கான்ஸ்டபிள், “ஏங்க, செவுரெல்லாம் சாம்பலா இருக்கு, பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்கலையா?” என்று கேட்டார். சுவரில் நிறம் இருந்தால் அது திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றும், மேடம். வேலை செய்யும்போது நான் சட்டைகூடச் சாம்பல் நிறத்தில்தான் போடுவேன். கண் ஏமாறக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கறார்.

இந்த வேலையில் உள்ள சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு மந்தமான படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருக்கும், புல் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கும். முதலில் லென்ஸ் தூசிப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்குவேன், வெளிச்சத்தைக் கொஞ்சம் அமுக்குவேன், மேகத்துக்கு விளிம்பு கொடுப்பேன். கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் புதுப் படம். பழசு, புதுசு, பழசு, புதுசு. நான் அதைத் தட்டிக்கொண்டே இருப்பேன், வாயெல்லாம் பல்லாக இருக்கும். என் மனைவி கதவருகில் நின்று, “ஏங்க, உங்களுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா?” என்பாள்.

மச்சானுக்கு இதெல்லாம் பிடிக்காது. சண்டை போட மாட்டார், கிண்டல் செய்வார். கடைக்கு யார் வந்தாலும் என் தோளில் கை போட்டு, “இவன் என் மாப்ளே. நான் எடுத்துட்டு வர்ற மலையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை சீவி அனுப்புவான். மலைக்கே அது யாருன்னு தெரியாது” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு வருஷம் ஒரே சிரிப்பைச் சிரித்தேன், அவ்வளவுதான்.

அந்த மாதம் ஒரு பத்திரிகை போட்டி வைத்திருந்தது. கணினியில் துளியும் கை வைக்காத இயற்கைப் படங்களுக்கு மட்டுமான போட்டி. மச்சான் அந்த விளம்பரத்தை வெட்டி என் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, “இதுல மட்டும் நீ கலந்துக்க முடியாது மாப்ளே” என்றார். “ஏன் மச்சான், நான் கை வெச்சா யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன். “உன் கை பட்டா மலையைப் பாத்த எவனுக்கும் தெரியும்டா” என்றார். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டார். எனக்குக் கை ஊறத் தொடங்கியது அப்போதுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து என் கணினிக்கு ஒரு படம் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலில் ஒரு மேடு இருக்கிறது, அங்கே மட்டும்தான் போனுக்கு உயிர் வரும். கூடவே என் போனில் அவர் குரலும் வந்தது. “மாப்ளே, படம் ஒண்ணு அனுப்பறேன் பாரு. சரிவுல ஆரஞ்சுப் புள்ளி தெரியுதா? அதான் என் வீடு. புதன்கிழமை வந்துடுவேன், தங்கச்சிகிட்ட சொல்லு. படத்தைத் தொடாதே, ராசா. நான் வந்து பாத்துக்கறேன்.”

நீங்கள் அந்தப் படத்தின் அசலைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சரிவுகள், கடைசியில் ஒரு முகடு. இடதுபக்கச் சரிவில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு பாறையை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் கூடாரம். நல்ல படம்தான். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. நான் எழுப்பினேன்.

முதலில் தூசி. ஏழு புள்ளிகள், ஏழையும் துடைத்தேன். வானத்தை எடுத்துவிட்டு வேறொரு நாளின் வானத்தை வைத்தேன். ஆற்றுக்குக் கொஞ்சம் வெள்ளி கொடுத்தேன். ஒரு மணி நேரம் இப்படி வேலை செய்தால் கண் மரத்துப்போகும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படத்தைக் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்போம். புதிதாக ஒரு படத்தைப் பார்ப்பது போல இருக்கும், எங்கே கனம் அதிகம், எங்கே காலி என்று சட்டென்று தெரியும். பார்த்துவிட்டுத் திரும்பப் பழையபடி வைத்துவிடுவோம். நானும் புரட்டினேன். அவ்வளவுதான் மேடம், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஆறு இப்போது இடப்பக்கத்திலிருந்து வளைந்து வந்து கண்ணைக் கையைப் பிடித்து வலப்பக்கச் சரிவில் ஏற்றிவிட்டது. அங்கே போய் நின்றால் ஆரஞ்சுக் கூடாரம். படித்துக்கொண்டே வந்த வரியின் முடிவில் வைத்த முற்றுப்புள்ளி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. அறையை இரண்டு தடவை சுற்றினேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்தாள். “அண்ணன் இருக்கற இடமா இது? அப்பா, எவ்ளோ அழகா இருக்கு” என்று கூடாரத்தை விரலால் தொட்டாள். திரையில் ஈரம் பட்டுவிட்டது. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே துடைத்தேன்.

திரும்பப் பழையபடி வைக்கவில்லை. அதில் எழுத்து எதுவும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், எழுத்து இருந்தால் இடம் வலமாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மலையில் ஏது எழுத்து? கடையின் பெயரில் போட்டிக்கு அனுப்பினேன். கடைசித் தேதிக்கு ஒரு நாள் மீதம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மலையில் பேய்மழை. புதன்கிழமை மதியம் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கடைசி ஐந்து படங்களில் எங்கள் படமும் இருக்கிறதாம். “அசல் ஃபைலை மட்டும் அனுப்பிடுங்க சார். தூசி துடைச்சு வெளிச்சம் கூட்டியிருந்தா பரவால்ல, வேற எங்கயும் கை வெக்கலைன்னு நடுவர்கள் பாக்கணும். சனிக்கிழமை நாலு மணிக்கு விழா” என்றார். போனை வைத்த பிறகு எனக்கு ஏற்பட்ட கிளுகிளுப்பை என்னவென்று சொல்வது? முடிந்துபோன படத்திலிருந்து முடிக்காத படத்தைச் செய்ய வேண்டும். இதை இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அழகாக இருப்பதை அசிங்கமாக்குவது எவ்வளவு சிரமம் தெரியுமா? அதுவும் தற்செயலாக அசிங்கமானது மாதிரி. வானத்தைத் திரும்ப வெளிறச் செய்தேன், ஆனால் பழைய அளவுக்கு இல்லை. புல்லின் நிறத்தை உறிஞ்சினேன். மங்கின வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வரும் பொடிப் புள்ளிகளைக் கொஞ்சம் தூவினேன், எங்கள் தொழிலில் அதற்கு இரைச்சல் என்று பெயர். துடைத்த தூசிப் புள்ளிகள் ஏழையும் மறுபடி கொண்டுவந்தேன், ஒவ்வொன்றையும் சரியாக எதிர்ப்பக்கத்தில். ஃபைலுக்குள்ளே கேமரா எழுதிவைக்கும் தேதி, நேரம் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். மற்றதையெல்லாம் பழையது மாதிரி ஆக்கினேன், புரட்டியதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். நடுவர்களிடம் போன படமும் அசலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமே. முடித்தபோது வெளியே இன்னும் நல்ல வெளிச்சம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளோடு தெருவில் வண்டி வந்து நின்றது. நான் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன். உண்மையான அசலை ஒரு பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் எதையும் அழிக்கிறவன் இல்லை.

அன்று சாயங்காலம் மச்சான் வரவில்லை. மனைவி ஐந்து மணிக்கு வாசலில் நின்றாள், ஆறு மணிக்கும் நின்றாள். “வந்துடுவாரு. மழை விட்டதும் நல்ல வெளிச்சம் வரும், அதுக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு” என்றேன். அவள், “புதன்னா புதன்தாங்க. அண்ணன் நாள் தவற மாட்டான்” என்றாள். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் மீட்புக் குழு வந்தது. அதன் தலைவர் கட்டையான ஆள், மெதுவாகப் பேசுவார், எதையும் இரண்டு தடவை கேட்பார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மச்சானின் குரலைப் போட்டுக் கேட்டார். ‘சரிவுல ஆரஞ்சுப் புள்ளி தெரியுதா? அதான் என் வீடு.’ மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“அந்தப் படம் எங்கங்க?” என்றார் தலைவர். “பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, ரெண்டு அடி தள்ளி நிக்கற ஆள் தெரியல. எந்தச் சரிவுன்னு தெரிஞ்சாத்தான் ஏற முடியும். ரெண்டையும் தேட என்கிட்ட ஆள் பத்தாது.”

நான் உள்ளே போனேன். திரையில் முதல் நாள் செய்த அசல் அப்படியே இருந்தது. சட்டைப்பையில் மற்றது இருந்தது. இந்த இடத்தில் நீங்கள் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீட்புக் குழுவுக்குக் கொடுக்கும் படம் பேப்பரில் வரும், டிவியில் வரும். நடுவர்களிடம் ஒரு அசல் போயாகிவிட்டது. ஒரு படத்துக்கு இரண்டு அசல் எப்படி இருக்க முடியும்? சனிக்கிழமை நாலு மணிக்கு விழா. இரண்டே நாள். மச்சான் போன வருஷம் எட்டு நாள் தனியாக இருந்துவிட்டு, திரும்பி வந்தபோது இரண்டு கிலோ ஏறியிருந்தார். மழைக்குக் கூடாரத்தில் சுருண்டு படுத்திருப்பார், வந்ததும் என் தோளில் கை போட்டு ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நானே போய்த் தலைவரிடம், “சார், படம் திரும்பியிருக்கு போல, இப்பத்தான் கவனிச்சேன்” என்று சொல்வதாகத் தீர்மானித்திருந்தேன். தீர்மானித்திருந்தேன் என்பது முக்கியம்.

கொண்டுவந்து கொடுத்தேன். தலைவர் பார்த்தார். “வலதுபக்கச் சரிவு” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “இது அசல்தானே? கம்ப்யூட்டர்ல எதுவும் பண்ணலையே?” என்றார்.

“ஒரு புள்ளிகூட மாத்தல சார்.”

அவர் வழக்கப்படி இரண்டாவது தடவையும் கேட்டார். நானும் இரண்டாவது தடவை சொன்னேன். மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும். “ஏங்க, நீங்க எதுவும் தொடலதானே? அன்னிக்கு வேலை பண்ணிக்கிட்டுத்தானே இருந்தீங்க?” என்றாள். “அது போட்டிக்குப் பண்ணினது. இது அண்ணன் அனுப்பினதும்மா” என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? என் வாழ்க்கையில் ஒரு படத்தை மனிதர்கள் அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. டிவியில் ஒரு பெண் அதைப் பெரிதாக்கி, அம்புக்குறி போட்டு, கூடாரத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள், தேடப் போகும் தன்னார்வலர்கள், தெரியாத ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் என்று எல்லோரும் முதலில் “ஐயோ பாவம்” என்றார்கள், அடுத்த மூச்சில் “ஆனா படம் என்னா அழகு” என்றார்கள். அசிங்கமாக்கிய பிறகும் அழகு, பார்த்தீர்களா?

பேப்பரில் ஆரஞ்சு நிறம் சிவப்பாக விழுந்திருந்தது. அது என்னை உறுத்தியது. வெள்ளிக்கிழமை காலையில் நானே நல்ல தாளில் நூற்றிருபது பிரதி போட்டு, ஈரம் படாமல் உறையில் வைத்து, வண்டியில் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். வலதுபக்கச் சரிவின் கீழே முகாம் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்தேன். அவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஏறினார்கள். நான் மவுசை ஒரு தடவை அழுத்திச் செய்த மலையில் நூற்றிருபது பேர் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள், மேடம். கீழே நின்று அதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீட்புக் குழுவினர் நான் மச்சானை நினைத்து அழுகிறேன் என்று டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அங்கே ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வழிகாட்டியாக வந்திருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். “இந்த வளைவு எனக்கு இடிக்குதே. ஆறு இந்தப் பக்கமா வளையாதே” என்றார். மூடுபனியில் ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. “லென்ஸ்ல அப்படித்தாங்க தெரியும். அகலமான லென்ஸ், கோட்டை வளைச்சுக் காட்டும்” என்றேன். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? லென்ஸைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

ஆனால் தலைவர் அதைக் கேட்டுவிட்டார். மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளைக்குப் பாதிப் பேரை அந்தப் பக்கம் அனுப்பலாமான்னு பாக்கறேன். அந்த ஆடு மேய்க்கிறவர் சொல்றதுல ஏதோ இருக்கு. நீங்க உங்க மச்சானோட பதினோரு வருஷம் இருந்தவரு. உங்களுக்கு என்ன தோணுது?” என்றார்.

இதைத்தான் நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். அவர் என்னிடம் கேட்டாரா, நான் என்ன பதில் சொன்னேன் என்று. கேட்டார். நாளை என்றால் சனிக்கிழமை. பாதிப் பேர் காலையில் அந்தப் பக்கம் ஏறினால் பத்துப் பதினோரு மணிக்குக் கூடாரத்தைத் தொட்டிருப்பார்கள். இடதுபக்கம் கிடைத்தார் என்று மதியத்துக்குள் டிவியில் வந்துவிடும். விழா நாலு மணிக்கு. நான் கணக்கைச் சரியாகப் போட்டேன். “ஆளைப் பிரிச்சீங்கன்னா ரெண்டு பக்கமும் அரைகுறையாத்தான் ஆகும் சார். படத்துல இருக்கற மாதிரியே பாருங்க” என்றேன். நியாயமான யோசனைதான் அது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவரும் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார்.

சாயங்காலம் ஐந்து நிமிஷம் பனி விலகியது. முகாமில் எல்லோரும் வலதுபக்கத்தை அண்ணாந்து பார்த்தார்கள். யாருக்காவது எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற தன்னார்வலர் ஒருவர், கல்லூரிப் பையன் மாதிரி பேசுகிற நடுவயதுக்காரர், என் கையில் இருந்த பிரதியைப் பார்த்துவிட்டு, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இந்த எடத்தைப் பாத்தா தொலைஞ்சு போகவே ஆசையா இருக்கு” என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் பனி மூடிக்கொண்டது.

சனிக்கிழமை புதுச் சட்டை போட்டேன், நீல நிறம். மனைவி, “இன்னிக்கு எங்கங்க போறீங்க?” என்றாள். “அண்ணனுக்குப் பரிசு. அவருக்காக நான் போய் வாங்கிட்டு வர்றேன். வந்து பாத்தா சந்தோஷப்படுவாரு” என்றேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பென்டிரைவ் பழைய சட்டையில் இருந்தது, அதை எடுத்து இதில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் தேவைப்படுமே.

முதல் பரிசு. மேடையில் என் பின்னால் சுவர் அளவுக்கு அந்தப் படம். நடுவர்களில் ஒருவர் பேசினார், நரைத்த தாடி, முப்பது வருஷம் மலைப்படம் எடுத்தவராம். “இதுல பொய்யே இல்ல. ஒரு மனுஷன் நின்னு பாத்ததை அப்படியே குடுத்திருக்கான்” என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. காணாமல் போனவர் திரும்பி வர வேண்டும் என்று எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன். மேடம், அந்த ஒரு நிமிஷத்தில் என்னை மாதிரி சந்தோஷமாக இருந்த மனிதன் உலகத்தில் யாரும் இல்லை. நான் பறந்துகொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் அங்கே பனி முழுதாக விலகியிருக்கிறது. தலைவர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் மேட்டில் ஏறி நின்றாராம். எதுவும் பொருந்தவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாராம். எல்லாம் பொருந்திவிட்டது. கெட்டிக்கார மனிதர். நான் போட்ட தாள் நல்ல தாள் என்பதும் ஒரு காரணம், வெளிச்சம் அதில் நன்றாக ஊடுருவும்.

ஐந்தரை மணிக்கு மச்சானைக் கண்டெடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை மழையில் மேலிருந்து கல் சரிந்திருக்கிறது. கூடாரம் சேற்றில் புதைந்து ஆரஞ்சே தெரியவில்லை. இடது கால் பாறைக்குக் கீழே மாட்டியிருந்தது. சனிக்கிழமை மதியம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள், நானும் படித்தேன். வெள்ளிக்கிழமை மீட்டிருந்தால் ஒரு காலை மட்டும்தான் வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றும் அதில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில்கூடப் பிழைத்திருப்பாராம். ஆமாம், நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். சொல்லாமல் இருந்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அவரைப் பிடிக்கும்.

கடைசியாக மெமரி கார்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் நெஞ்சின் மேல் கேமரா இருந்தது, கார்டில் தண்ணீர் புகுந்திருந்தது. மனைவி அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியாது. “அண்ணன் கடைசியா என்ன பாத்தான்னு எனக்குப் பாக்கணும். உங்களாலதான் முடியும்” என்றாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருபத்து மூன்று படங்களை மீட்டேன்.

முதல் சில படங்கள் கல், சேறு, அவருடைய கை. பிறகு நிறைய வெறும் பனி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் மட்டும் ஆறு படங்கள், பெரிய லென்ஸில் எடுத்தவை. எதிர்ச்சரிவில் கயிறு கட்டி வரிசையாக ஏறும் மனிதர்கள். அவர்களுடைய முதுகு. அவர் கத்தியிருப்பார், ஆற்றின் சத்தத்தில் என்ன கேட்கும்? மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இவ்ளோ பக்கத்துல இருந்தாங்களா? ஏன் இவங்க அந்தப் பக்கம் ஏறறாங்க? அண்ணன் இங்க இருக்கான் இல்ல?” என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். நான் அடுத்த படத்தைத் திறந்தேன். முகாம், ஒரு வண்டி, உறைகள் அடுக்கிய பெட்டி, நடுவில் நான். கையில் படம். வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். உங்களுக்கு அவள்தான் போன் செய்தாள் என்று நினைக்கிறேன். நீங்கள் வருவதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. நான் அறையைவிட்டு எங்கும் போகவில்லை, கார்டை ஒளிக்கவில்லை, அழிக்கவில்லை. இருபத்து மூன்று படங்களையும் உங்கள் கையில் எடுத்துக் கொடுத்தேன். சாட்சியத்தில் கை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா, மேடம்? எதையும் தொடவில்லை. நான் நிற்கிற படத்தில் மட்டும் முகம் கொஞ்சம் இருட்டாக விழுந்திருந்தது, அதைச் சற்றே தூக்கிவிட்டேன்.